என்ன விளங்குது?

அவர் என்னை ஒருமுறை கொன்றிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் அல்ல. என் பணி ஓய்வை வாழ்த்தி அடித்த ஒரு பேனரில்.

அந்தப் பெண்ணின் கடை கொட்டகலை ஸ்டேஷன் பக்கம், ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கல்யாண அழைப்பிதழ், பேனர், கடைப் பெயர்ப்பலகை, மரண அறிவித்தல் எல்லாம் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பார். பெரிய அச்சு வேலை ஹட்டனில் நடக்கும். நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். பேனர் வேலை, அப்போதுதான் கடை போட்டிருந்த அவரிடம் போனது.

அவர் அக்கறையாகத்தான் செய்திருந்தார். நடுவில் என் படம். நிறத்தில் போட்டால் மூக்குக்கண்ணாடி மினுங்குகிறது என்று கறுப்பு வெள்ளை ஆக்கியிருந்தார். சுற்றிவரச் சாமந்திப் பூ வளையம். மேலே ‘எங்கள் ஆசான்’. கீழே நான் சேவையில் சேர்ந்த வருடம், ஒரு சிறு கோடு, ஓய்வு பெற்ற வருடம். இதைக் கொண்டுபோய்ப் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உயரத்தில் கட்டினார்கள்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். முதலாவது ஆள் என்னோடு நோர்வூட்டில் படிப்பித்த யாழ்ப்பாணத்து வாத்தியார். கையில் மாலை. கதவைத் திறந்த என்னைப் பார்த்து, “என்ன காணும், நீர் உயிரோட இருக்கிறீரோ?” என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்ததுபோல் எனக்குப் பட்டது. என் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினாள். “வந்தது வந்துட்டீங்க, குடிச்சிட்டுப் போங்க. நிசமா சாவுறப்ப சீனி இருக்குமோ இருக்காதோ” என்றாள்.

நான் கடைக்குப் போய்க் கத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் வந்தது ஒரு கேள்வி.

“அந்தப் பதினொரு பேரும் எங்க இருந்து பாத்தாங்க சேர்?”

“பஸ்ல இருந்து.”

“எழுத்த வாசிச்சாங்களா, படத்த மட்டும் பாத்தாங்களா?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் செத்துட்டேன்னு நெனச்சாங்க. அது மட்டுந்தான் தெரியும்!”

“அது தெரியணுமே சேர்” என்று சொல்லிவிட்டு என்னோடு கீழே இறங்கி வந்தார். பஸ் நிற்கும் இடத்தில் நின்று மேலே தொங்கிய என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“ஆமா சேர். செத்துத்தான் போயிட்டீங்க.”

அவருக்கு அந்தப் பழக்கம் பிடித்தது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு எந்த வேலையும் அந்தக் கேள்வியைத் தாண்டாமல் அவர் கடைப் படியிறங்கவில்லை: “என்ன விளங்குது?”

நன்றாக இருக்கிறதா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. யாராவது நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். “நல்லா இருக்கான்னு நான் கேக்கலீங்க. இது உங்களுக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டேன்” என்பார். கேட்பதற்கு ஆள் தராதரம் கிடையாது. ரொட்டிக் கடைக்காரர், முச்சக்கர வண்டிக்காரர்கள், சம்பள நாளில் பஜாருக்கு வரும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள், சிங்களப் பொலிஸ்காரர், யார் கிடைத்தாலும் ஒரு தாளை நீட்டுவார். ரொட்டிக் கடைக்காரர் ஒருநாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் விளங்குது. இந்தப் புள்ள காலைல இருந்து சாப்பிடல” என்றார். அது உண்மையாகவும் இருந்தது.

என்னைக் கொன்ற பிறகு எனக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவர் அமைக்கும் தமிழில் எழுத்துப் பிழை பார்க்க நான் போவேன். றகரமும் ரகரமும் அவருக்குத் தகராறு. ஒரு கல்யாண அழைப்பிதழில் ஒன்பது பிழை எடுத்திருக்கிறேன். அவர் சளைக்காமல் திருத்திவிட்டு, “இப்ப சரி சேர். ஆனா இது என்ன சொல்லுது?” என்பார். “கல்யாணம்னு சொல்லுது, வேற என்ன சொல்லும்?” என்றால், “யாரு கல்யாணம்னு முதல்ல தெரியுதா, மண்டபம் முதல்ல தெரியுதா?” என்பார். பார்த்தால் மண்டபத்தின் பெயர்தான் பொன் எழுத்தில் பெரிதாக இருக்கும். மாப்பிள்ளையைத் தேட வேண்டும்.

சுவரில் ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. கட்புலத் தொடர்பாடல் டிப்ளோமா, கொழும்பில் படித்தது. எனக்கு அந்தச் சொல் சரிவரப் பிடிபடவில்லை.

“அப்பிடின்னா என்ன பிள்ள? படம் வரையறதா?”

அவர் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். கீழே பஜார் தெரிந்தது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர், பார்மசி வாசலில் பச்சைச் சிலுவை, சுவரில் சினிமா போஸ்டர், கடையில் தொங்கும் பிஸ்கட் பக்கெட், எதிர் ஸ்டூடியோவில் கல்யாண அல்பம், ரொட்டிக் கடை டிவியில் ஓடும் கார்ட்டூன், ஒரு பிள்ளையின் கையில் பாடப் புத்தகத்து வரைபடம். ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“இது எல்லாம்தான் சேர். போட்டோ எடுக்குறது, எழுத்து வடிவமைக்கிறது, விளம்பரம், பக்கெட் டிசைன், அனிமேஷன், சினிமா, புத்தகத்துக்குப் படம் போடுறது, கண்காட்சி அமைக்கிறது. பேரு வேற வேற. வேல ஒண்ணுதான். பேசாம பேசணும். பாக்குற ஆள் நின்னு படிக்க மாட்டாரு, போய்க்கிட்டே பாப்பாரு. அதுக்குள்ள விளங்கணும்.”

“எட்டுத் துறை சொன்ன. உனக்கு எத்தன தெரியும்?”

“ரெண்டரை” என்றார். அரை எது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் அது என்னை உறுத்துகிறது.

அவருக்குப் பின்னோக்கி நடக்கிற ஒரு வழக்கம் இருந்தது. பலகை ஒன்றை மாட்டியதும் எதிர்ப்புறமாக அடி அடியாகப் பின்னால் போவார், அது எங்கே மறைகிறது, எங்கே தெரிகிறது என்று பார்க்க. முச்சக்கர வண்டிகள் ஹோர்ன் அடிக்கும். அவருக்குக் கேட்காது. மருந்துக் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே போய்ச் சாக்கடையில் விழுந்தார். காலைச் சுளுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே மேலே பார்த்து, “இங்க இருந்து வாசிக்க முடியுது” என்றார். தூக்கிவிட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி நான் ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதியிருந்தேன்.

இந்தக் கேள்வியால் அவர் இழந்த வாடிக்கையாளர்கள் அதிகம். பெரிய பிள்ளையான தன் மகளுக்குச் சடங்கு பேனர் அடிக்க ஒரு தகப்பன் வந்தார். கையில் ஒரு மாதிரிப் படம் வைத்திருந்தார். பின்னால் பனிமலை, நீர்வீழ்ச்சி, இரண்டு மயில். நடுவில் நகை போட்ட யாரோ ஒரு பெண்ணின் உடம்பு. அதில் மகளின் தலையை மட்டும் ஒட்ட வேண்டும். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இவர் மறுக்கவில்லை. தகப்பன் சொன்ன மாதிரியே ஒட்டிக் காட்டிவிட்டு, திரையை மகள் பக்கம் திருப்பினார்.

“இது என்ன சொல்லுதும்மா?”

அந்தப் பிள்ளை உற்றுப் பார்த்தது. “தல மட்டும் எங்க வீட்டுப் புள்ள” என்றது.

தகப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. “ஏன் தங்கச்சி, நான் கேட்டத செஞ்சு குடுக்க மாட்டீங்களா? புள்ளகிட்ட எதுக்கு நியாயம் கேக்குறீங்க?” என்று எழுந்தார். ஹட்டனில் போய் அடித்துக்கொண்டார். அந்த பேனரில் மயில் இரண்டு போதாதென்று நான்கு இருந்ததை நானே பார்த்தேன்.

சுற்றுலா விடுதி ஒன்றுக்கு விளம்பரப் புத்தகம் செய்ததும் இப்படித்தான் போனது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை இஸ்திரி போட்ட சிவப்புச் சேலையில் நிறுத்தி, முதுகில் புதுக் கூடை மாட்டிச் சிரிக்கச் சொல்லி இவரே படம் எடுத்தார். படம் அழகாக வந்தது. அதைக் கொண்டுபோய் அதே பெண்ணிடம் காட்டிக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சொன்ன பதில்: “இது மழ பெய்யாத தோட்டம்.”

இவருக்கு அது போதுமாக இருந்தது. மழைக்குப் போர்த்தும் பொலித்தீன், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, அட்டை கடிக்காமல் காலில் பூசும் சவர்க்காரம் எல்லாவற்றோடும் இன்னொரு படம் எடுத்துக்கொண்டு போனார். விடுதி மனேஜர் இரண்டையும் பார்த்துவிட்டு, “மழை இருந்தா ஆள் வர மாட்டாங்களே மிஸ்” என்று முதல் படத்தையே எடுத்துக்கொண்டார். இவரும் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தபோது, “விளம்பரமும் ஒரு துறைதான் சேர். அவரு கேக்குறது என்னன்னு எனக்கு விளங்குது” என்றார். ஆனால் இரண்டாவது படத்தைப் பெரிதாக அடித்துக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர், “யாருங்க இது, எங்க பெரியம்மா மாதிரியே இருக்கு” என்றார்கள்.

அவருடைய கேள்வி செல்லுபடியாகாத ஓர் இடமும் இருந்தது. பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர் வாசலில் என் மனைவி போட்டிருந்த கோலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டும்விட்டார்.

“விளங்குறதுக்கா கோலம் போடுவாங்க?” என்றாள் என் மனைவி. “சுத்திக்கிட்டு உள்ள வா. கால வச்சிடாத.”

அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கொழும்பில் இருப்பதாகக் கேள்வி. அந்த மாடியில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். இங்கே அவர் பெயரை நான் எழுதவில்லை. தான் செய்த எந்த வேலையின் மூலையிலும் அவர் தன் பெயரைப் போட்டதில்லை. “அது பாக்குறவங்களுக்கு எதுக்கு சேர்?” என்பார்.

பீலிக்கரை லயத்துப் பலகைகளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பீலிக்கரை லயம் எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனில் இருக்கிறது. தண்ணீர் பீலி விழும் இடத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு ஓரறை வீடுகள், எங்கள் பேச்சில் காம்பராக்கள், ஒரே வரிசையில். என் தங்கை குடும்பம் அதில் ஆறாவது காம்பராவில் இருந்தது. லயத்துக்குப் பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை. ஒரு மழைக்குப் பிறகு அந்த மலையில் வெடிப்பு ஒன்று தெரிந்தது. அளந்து பார்க்க வந்தவர்கள் அபாயம் என்றார்கள், வேறு இடத்தில் வீடு தர வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வீடு வரும்வரைக்கும் என்ன செய்வது? தோட்டத்து நலன்புரிச் சங்கம் கூடி ஐந்து பலகை வைக்க முடிவு செய்தது. மண் சரிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் பலகை. வீடு கொடுப்பதைவிடப் பலகை வைப்பது சுலபம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். அதைக் குறிப்பில் எழுதவில்லை.

ஓட வேண்டிய இடம் பள்ளிக்கூடம். லயத்து முனையிலிருந்து பாதை மேடு பள்ளமில்லாமல் நேராகப் போய்ப் பள்ளிக்கூடத்தில் முடியும். அதே முனையிலிருந்து இன்னொரு படிக்கட்டு மலையில் ஏறிக் கோயிலுக்குப் போகும். வெடிப்பு இருந்தது அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில்.

பலகை வேலை இவருக்கு வந்தது. பச்சை நிறத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணின் உருவம். பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பெரிய அம்புக்குறி. நேராக ஓடு என்று அர்த்தம். வழக்கம்போலப் பஜாரில் எல்லோரிடமும் காட்டிக் கேட்டார். முச்சக்கர வண்டிக்காரர்கள், பஸ் கொண்டக்டர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி, “நேரா ஓடச் சொல்லுது” என்றார்கள். அவருக்கு நிம்மதி. பலகையில் ‘மண் சரிந்தால் ஓடுங்கள்’ என்று இருந்த தமிழையும் சிங்களத்தையும் நான் பார்த்தேன். பிழை இல்லை.

பலகைகளை நட்ட அன்று நானும் போயிருந்தேன். மறுநாள் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து திறந்துவைப்பதாக இருந்தது. சங்கத்துத் தலைவர் ரிப்பனும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து கொழுந்துப் பையோடு என் தங்கை இறங்கி வந்தாள். இவர் அவளை மறித்தார்.

“அக்கா, இது என்ன சொல்லுது?”

தங்கை பையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள். “மண்ணு சரிஞ்சா ஓடச் சொல்லுது.”

“எந்தப் பக்கம்?”

“அதான் போட்டிருக்கே. மேல ஏறி.” தாடையால் படிக்கட்டைக் காட்டினாள்.

இவர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். தலைவர்தான் முதலில் பேசினார். “ஏம்மா, அது நேராப் போன்னு அர்த்தம். ரோட்டுல எல்லா போர்டுலயும் அப்பிடித்தான போட்டிருக்கான்!”

“நான் என்ன பஸ்ஸா ஓட்டுறேன்?” என்றாள் தங்கை. “அம்பு மேல பாத்துக்கிட்டு நிக்குது. மேலன்னா மேலதானே?”

இவர் லயத்து வாசல்களில் ஏறி இறங்க ஆரம்பித்தார். நான் பின்னால் போய் எண்ணினேன். இருபத்து மூன்று பேரிடம் கேட்டார். நேராக என்றவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள், ஒருவர் லொறிக் கிளீனர், ஒருவர் லைசன்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். மிச்சப் பத்தொன்பது பேரும் மலை ஏறினார்கள். ஒரு கிழவர் விளக்கமாகவே சொன்னார்: “ஏறினா கோயில் வருது. சாமிகிட்ட ஓடிப்போய்டுங்கன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

ரோட்டில் வண்டி ஓட்டுபவனுக்கு மேல்நோக்கிய அம்பு முன்னால் போவதற்கு. பிறந்ததிலிருந்து மலையில் ஏறி இறங்குகிறவளுக்கு அது ஏறுவதற்கு. என் தங்கை அந்தப் பலகையை நம்பியிருந்தால் வெடிப்பை நோக்கித்தான் ஓடியிருப்பாள்.

“ரோட்டுல நிக்கிற ஆளுங்ககிட்டக் கேட்டுட்டேன் சேர்” என்றார் அவர். “இங்க நிக்கிற ஆளுங்ககிட்டக் கேக்கல.”

தலைவர், “விடு தங்கச்சி, ஒரு கூட்டம் போட்டு விளங்கப்படுத்திடுவோம்” என்றார்.

“மழ பெய்யிறப்ப விளங்கப்படுத்துற ஆள் போர்டு பக்கத்துல நிப்பாரா தலைவரே?”

“நாளைக்கு திறப்பு விழா! பெரியவருக்கு நான் என்னத்தச் சொல்றது?”

அவர் பையிலிருந்து கட்டர் கத்தியை எடுத்து முதலாவது பலகையில் அம்புக்குறியின் நுனியைக் கிளப்பினார். ஸ்டிக்கர் நீளமாக உரிந்து வந்தது. தலைவர் கத்தினார். இனிமேல் இந்தத் தோட்டத்துப் பக்கம் ஒரு வேலையும் உனக்குக் கிடையாது என்றார். இவர் இரண்டாவது பலகைக்குப் போனார். உயரத்தில் இருந்த பலகைக்கு ஸ்டூல் போட்டபோது நான் பிடித்துக்கொண்டேன். ஐந்தும் உரிந்தன.

மறுநாள் பெரியவர் திரைச்சீலையை விலக்கினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ ஓடும் பெண், பக்கத்தில் அம்பு இருந்த இடத்தில் உரித்த பசைத் தடம். “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

பிறகு இவர் ஒரு வாரம்போல லயத்திலேயே கிடந்தார். பள்ளிக்கூடத்தை நீங்கள் எப்படி அடையாளம் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். சின்னவர் பெரியவர் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: நீலத் தகரம். பள்ளிக்கூடத்துக் கூரை நீலம். அந்த டிவிசனில் வேறெதுவும் நீலமில்லை. அம்பு இருந்த இடத்தில் அந்த நீலக் கூரையை வரைந்து ஒட்டினார். தன் கைச்செலவு. ஒட்டிய பிறகும் விடவில்லை. காம்பரா காம்பராவாகப் போய், “என்ன விளங்குது?” என்று கேட்டார். நேற்றுக் கேட்டவரிடமே இன்றும் கேட்டார். “ஸ்கூலுக்கு ஓடச் சொல்லுது” என்று வாயால் சொல்லும்வரை நகர மாட்டார். தங்கை என்னிடம், “அண்ணே, உன் சிநேகிதி வீட்டுக்கே போக மாட்டாளா? அடுப்புல சோறு வைக்க முடியல” என்று முறைப்பட்டாள். பிள்ளைகள் அவர் தலையைக் கண்டதுமே, கேட்பதற்கு முன்னால், “ஸ்கூலுக்கு ஓடு! ஸ்கூலுக்கு ஓடு!” என்று கத்துவார்கள்.

அந்த வருடக் கடைசி மழையில் மலை இறங்கியது. விடியற்காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. முச்சக்கர வண்டி கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேல் போகவில்லை. மிச்சத் தூரம் நடந்தேன். லயத்தில் முதல் பத்துக் காம்பராக்களுக்குப் பின்சுவரும் சமையலறையும் இல்லை. மண்ணும் தேயிலைச் செடியும் வாசல்வரை வந்திருந்தன. கோயில் படிக்கட்டு இருந்த அடையாளமே இல்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஆட்கள் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். பீலிக்கரை லயத்தில் எழுபத்தொரு பேர். அது எனக்கு நன்றாகத் தெரியும். எண்ணினேன். எழுபது. இன்னொரு தரம், வாசல் பக்கத்திலிருந்து எண்ணினேன். எழுபது. மூன்றாந்தரமும் விரலை மடக்கத் தொடங்கினேன். தங்கை என்னைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே விரல மடக்கிக்கிட்டு நிக்கிற? இந்தா, இதையும் எண்ணிக்க” என்று தன் மருமகளின் போர்வையை விலக்கினாள். உள்ளே கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் அவரும் வந்துவிட்டார். முழங்கால்வரை சேறு. நேரே என் தங்கையிடம் போனார்.

“அக்கா, போர்டு தெரிஞ்சிச்சா?”

“எங்கம்மா தெரியும்? கரண்ட் இல்ல, காத்து, மழ. என் கையே எனக்குத் தெரியல.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “அப்ப எப்பிடி இங்க வந்தீங்க?”

“நல்லா கேக்குற. நீ எத்தன வாட்டி கேட்ட, நான் எத்தன வாட்டி சொன்னேன்? சத்தம் கேட்டதும் வாய் தன்னால ஸ்கூலுக்கு ஓடுன்னு கத்திச்சு. பக்கத்து வீட்டுலயும் அதத்தான் கத்துனாங்க. அப்பிடியே வந்துட்டோம்.”

சுற்றியிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மனம் அதில் நின்றதாக எனக்குத் தெரியவில்லை. “போர்டு வேல செய்யல சேர்” என்றார் என்னிடம். பிறகு மறுபடியும் தங்கை பக்கம் திரும்பினார்.

“கதவத் திறந்ததும் எங்க பாத்தீங்கக்கா?”

“கீழதான். கால் வைக்கிற எடத்த. மலைல இருட்டுல வேற எங்க பாப்பாங்க?”

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

மண் அள்ளிய பிறகு உடையாத எட்டுக் காம்பராக்களுக்கும் ஆட்கள் திரும்பிப் போனார்கள். புது வீடு அப்போதும் வந்திருக்கவில்லை. அவர் ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்தார். ஒவ்வொரு வாசற்படியிலிருந்தும் தொடங்கி, பாதையின் இரண்டு ஓரத்துக் கற்களுக்கும் வெள்ளை அடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தை நோக்கிப் போனார். எழுத்து இல்லை, படம் இல்லை, அம்பு இல்லை. கல் மட்டும். பாதி வழியில் தலைவர் வந்து நின்று பார்த்தார்.

“இதுக்கா தங்கச்சி கொழும்புல போய்ப் படிச்ச?”

“ஆமா தலைவரே, இதுக்குத்தான்.”

தலைவர் குனிந்து ஒரு கல்லை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெள்ளை வந்தது.

“சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காது” என்று சொல்லிவிட்டு, கோயில் மதிலுக்கு வாங்கி வைத்திருந்த பெயின்ட் டின்னை எடுத்துவர ஆள் அனுப்பினார்.